பாடபேதமும் கட்டமும்: தேவிகுளம் மலைப்பகுதி மொழிக் கணக்குகளைப் பகுப்பாய்வுக்கு ஒழுங்குசெய்தல்

முன்னுரை

மூணாற்றுக்கு அருகே, பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தை ஒட்டி அமைந்த ஊர் சித்திரபுரம். திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் பெயரை இவ்வூர்ப்பெயர் நினைவூட்டுகிறது. 1877இல் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற நில உரிமையைத் தொடர்ந்து இம்மலைகளில் தோட்டங்கள் எழுந்தன. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் வழியாகத் தமிழ்ச் சமவெளி மக்கள் மலையேறினர். அவர்தம் வழித்தோன்றல்கள் பேசும் தமிழின் இயல்பை ஆராய விரும்பிய இக்கட்டுரையாளர், களப்பணிக்கு ஊர்களைத் தெரிவுசெய்யும் பொருட்டு, தேவிகுளம் மலைப்பகுதிக்கும் பாலக்காட்டு எல்லைப் பகுதிக்கும் உரிய மக்கள்தொகைக் கணக்குகளை ஒரே விரிதாளில் தொகுக்க முற்பட்டார். ஒரு வாரத்தில் முடியும் என எண்ணிய பணி ஓராண்டைத் தாண்டியது. கணக்குகள் கிடைக்காமையால் அன்று. கிடைத்தவை ஒன்றோடொன்று பொருந்தாமையால்.

எண்ணும் எழுத்தும் குறிப்பும் கலந்து கிடக்கும் அட்டவணைகளைப் பகுப்பாய்வுக்கு ஏற்றவாறு திருத்தி அமைத்தலைக் கணினித் துறையினர் தரவுத் தூய்மை என்பர். இதனை எழுத்தர் செய்யும் முன்வேலை எனக் கருதுவோர் பலர். இது உண்மையில் ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் பணிக்கு நிகரானது என்பதும், பதிப்பாசிரியர் கைக்கொள்ளும் நெறிகள் இங்கும் வேண்டப்படும் என்பதும் இக்கட்டுரையாளர் கருத்து. மொழி வரலாற்றில் இப்பணி எத்துணை விளைவுடையது என்பதற்குத் தேவிகுளமே சான்று.

மூவகை மூலங்கள்

இன்று கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் அடங்கும் இவ்வெல்லைப் பகுதி முன்னர் மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூருக்கும், சித்தூர் கொச்சிக்கும், பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திற்கும் உரியவை. ஆகவே கணக்குகளும் மூன்று தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. திருவிதாங்கூர்த் தொகுதியை 1891இல் வெ. நாகமய்யாவும், 1901இல் ந. சுப்பிரமணிய அய்யரும், 1931இல் ந. குஞ்ஞன் பிள்ளையும் அமைத்தனர். ஒவ்வொருவரும் தம் காலத் தேவைக்கேற்ப நிரல்களை வகுத்தனர்.

எல்லைகளும் நிலைத்து நிற்கவில்லை. 1951இல் தேவிகுளம், பீருமேடு என இரண்டாக இருந்த மலைப்பகுதி, 1961இல் உடும்பஞ்சோலையும் சேர மூன்று வட்டங்களாகத் தோன்றுகிறது. அப்போது இவை கோட்டயம் மாவட்டத்தைச் சார்ந்தவை. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்றுதான் உருவாயிற்று. எனவே 1951இன் தேவிகுளத்தையும் 1961இன் தேவிகுளத்தையும் ஒரே நிரையில் வைத்து, மக்கள் குறைந்தனர் அல்லது கூடினர் என உரைப்பார், பெயரை ஒப்பிடுகின்றனரே அன்றி நிலத்தை ஒப்பிடுவாரல்லர்.

ஆண்டுக் குறிப்பிலும் இவ்வகை மயக்கம் உண்டு. திருவிதாங்கூர் ஆவணங்கள் கொல்லம் ஆண்டைக் கையாள்வன. கொல்லம் ஆண்டு ஆவணி மாதத்தில், அதாவது மலையாளச் சிங்ஙத்தில், பிறப்பதால் ஆண்டின் முற்பகுதிக்கு 824ஐயும், ஜனவரி முதலான பிற்பகுதிக்கு 825ஐயும் கூட்டல் வேண்டும். மூணாற்றை அழித்து, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயில் பாதையையும் அடித்துச் சென்ற 1924 ஜூலை வெள்ளத்தை மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பது அது கொல்லம் 1099இல் நிகழ்ந்தமையால்தான். ஒரே நிரலில் 1099 என்றும், 99 என்றும், 1924 என்றும் மூவகையாக வந்தால் கணினி அவற்றை மூன்று நிகழ்வுகளாகவே கொள்ளும். பழைய தமிழ்க் கணக்குகளை அச்செழுத்து உணர் மென்பொருளிடம் ஒப்படைத்தால் வேறொரு வேடிக்கையும் நிகழும். ௭ என்னும் ஏழு எகரமாகவும், ௨ என்னும் இரண்டு உகரமாகவும், ௮ என்னும் எட்டு அகரமாகவும் மாறி, எண் நிரல் முழுவதும் உயிரெழுத்துகளாய் நிற்கும்.

ஒரே தலைப்பு, மாறிய வினா

மேற்கூறியவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடே பெரிதும் தீங்கு பயப்பது. மொழி என்னும் தலைப்பு எல்லாத் தொகுதிகளிலும் உண்டு. ஆயின் கணக்கெடுப்பாளர் வீட்டு வாயிலில் நின்று கேட்ட வினா ஒன்றன்று. 1881இல் தாய்மொழி கேட்கப்பட்டது. 1891இல் பெற்றோர் மொழி கேட்கப்பட்டது. 1901, 1911, 1921 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளிலும் வழக்கமாகப் பேசும் மொழி எது என்பதே வினா. 1931 முதல் மீண்டும் தாய்மொழி.

தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்து, வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசும் ஒருவர் இம்மூன்று வினாக்களுக்கும் ஒரே விடை தருவார் என எதிர்பார்த்தல் இயலாது. மன்னான், முதுவான் முதலிய மலைவாழ் குடியினர் திறத்தில் இது இன்னும் சிக்கலானது. வீட்டு மொழி வேறு, வெளியாரிடம் பேசும் மொழி வேறு என்னும் நிலையில் வழக்கமாகப் பேசும் மொழி என்பது யாரிடம் பேசுவது என்னும் எதிர்வினாவை எழுப்பும். ஆகவே 1891 முதல் 1931 வரையிலான எண்களை ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் தீட்டினால், அக்கோட்டின் ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதி மக்களால் ஆனது, மற்றொரு பகுதி வினாவால் ஆனது. இரண்டையும் பிரித்தறிய அட்டவணையில் இடமில்லை.

எண்ணும் முறையும் இவ்வாறே மாறியது. 1931 வரை ஒரே இரவில் எண்ணும் வழக்கம் இருந்தது. 1941இல் அது கைவிடப்பட்டது. பருவத்திற்கேற்ப ஆள் ஏறி இறங்கும் தோட்டப் பகுதியில், அவ்விரவு யார் மலையில் இருந்தனர் என்பதும், யார் அங்கு வாழ்பவர் என்பதும் ஒன்றல்ல.

இதற்குத் தீர்வு யாது? வினாவையே ஒரு நிரலாக்குதல். ஆண்டு, இடம், மொழி, எண் என்னும் நான்கு நிரல்களோடு, எவ்வினாவுக்கு வந்த விடை என்னும் ஐந்தாம் நிரலும் ஒவ்வொரு நிரையிலும் இடம்பெற்றால் ஒப்பிடத்தகாதவற்றை ஒப்பிடும் தவறு நேராது. அச்சிட்ட அட்டவணையில் ஆண்டுகள் கிடைமட்டமாக விரிந்திருக்கும். அவற்றை மடக்கி, ஒரு செய்திக்கு ஒரு நிரை என நெடுக்காக அமைப்பின் இவ்வைந்தாம் நிரலுக்கு இடம் பிறக்கிறது.

மன்னானும் மண்ணானும்

இனிப் பெயர்கள். மூணாறு, மூன்றாறு, மூனார், முன்னாறு என ஓரூருக்கு நான்கு வடிவங்கள் கிடைத்தன. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் என்னும் பெயர்க்காரணத்தை அறிந்தவர்க்கு இவற்றை ஒன்றெனக் காண்டல் எளிது. பீருமேடு, பீர்மேடு என்பனவும் அவ்வாறே. தமிழ்ப்பெயர் மலையாள எழுத்துக்குள் புகும்போது தந்நகரமும் றன்னகரமும் ஒரே வடிவம் பெறுகின்றன. அதுவே ஆங்கிலத்துள் புகும்போது ணகரமும் அவற்றோடு சேர்ந்துவிடுகிறது. நெடில் குறில் வேறுபாடும் பெரும்பாலும் மறைகிறது. இவ்விரு வாயில்களையும் கடந்து தமிழுக்கு மீளும் சொல் தன் உருவை இழந்தே மீள்கிறது.

இங்கு இக்கட்டுரையாளர் செய்த பிழை ஒன்றைப் பதிவுசெய்தல் தகும். விரிதாளில் ஆங்கில எழுத்தில் இருந்த குழுப்பெயர்களைத் தமிழாக்கும்போது, ஒரே கட்டளையால் ஒரு வடிவம் வந்த இடமெல்லாம் மன்னான் என மாற்றப்பட்டது. மன்னான் என்போர் இடுக்கி மலைகளில் வாழும் பழங்குடியினர். கோவில்மலையில் இன்றும் தமக்கென அரசரை உடையோர். மண்ணான் என்போரோ வண்ணான், வேலன் முதலியவர்களோடு ஒரே பதிவில் வைத்து எண்ணப்படும் பட்டியல் சாதியினர். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றே. எனவே சமவெளியிலுள்ள சலவைத் தொழில் மரபினர் கட்டளை ஒன்றினால் மலைவாழ் பழங்குடியினர் ஆயினர். கேரளப் பழங்குடிப் பட்டியலில் இப்பெயரை அடைப்புக்குறிக்குள் மலையாள எழுத்திலும் தரவேண்டும் என்னும் குறிப்பே இடம்பெறும் அளவுக்கு இம்மயக்கம் பழையது. சட்டம் இயற்றியோர் கண்ட வேறுபாட்டைத் தமிழ் படித்தவர் காணத் தவறியமை நாணத்தக்கதே. பிழை வெளிப்பட்டது, மலையில்லாத ஒரு வட்டத்தில் மன்னான் எண்ணிக்கை மிகுந்து நின்றமையால். முதலில் இருந்த வடிவத்தை அழித்து அதன்மேல் எழுதியிருந்ததால், எவை எவை மாற்றப்பட்டன என அறிய மீண்டும் மூலத்துக்கே செல்ல வேண்டியதாயிற்று.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, தாம் கொண்ட பாடத்தை மேலே தந்து, பிற சுவடிகளின் பிரதிபேதங்களையும் காட்டினார். பின்வந்த ஆய்வாளர் அவர் கொண்டதை மறுக்கவும் கொள்ளவும் அதனாலேயே இயன்றது. 1957ஐ ஒட்டி வந்த மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்துப் படிப்பவர்க்கு எளிமை செய்தன. எனினும் பிரிக்கப்படாத பாடம் வேறு பதிப்புகளில் இருந்தமையால், பிரித்தது சரியா என ஆராய வழி இருந்தது. அட்டவணைக்கும் இதுவே நெறி. மூலத்தில் உள்ளவாறு ஒரு நிரல், திருத்திய வடிவம் ஒரு நிரல், திருத்தத்தின் காரணம் ஒரு நிரல் என மூன்றும் அருகருகே நிற்றல் வேண்டும். மூலநிரலில் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தலாகாது.

கூட்டுத்தொகையும் யாப்பும்

சுவடிப் பதிப்பாளர்க்கு யாப்பு ஒரு துணை. தளை தட்டும் இடத்தில் பாடம் சிதைந்திருக்கிறது என ஐயுறலாம். அட்டவணையில் கூட்டுத்தொகை அப்பணியைச் செய்கிறது. ஆண், பெண் இரண்டும் கூடி மொத்தம் வருதல் வேண்டும். வட்டங்கள் கூடி மாவட்டம் வருதல் வேண்டும். வராத இடத்தில் 3 என்பது 8 எனவோ, 1 என்பது 7 எனவோ படிக்கப்பட்டிருக்கும். ஆனால் யாப்புக்காகச் சொல்லைத் தம் மனம்போல் மாற்றிய பதிப்பாளரும் இருந்தனர். கூட்டுத்தொகை பொருந்தவேண்டும் என்பதற்காக ஒரு கட்டத்து எண்ணை மாற்றுதலும் அத்தகையதே. பிழை கூட்டுத்தொகையிலேயே இருக்கக்கூடும்.

கோடிட்ட கட்டம், புள்ளியிட்ட கட்டம், வெற்றுக் கட்டம், சுழியம் ஆகிய நான்கும் நான்கு செய்திகள். எவருமில்லை, எண்ணப்படவில்லை, வேறு நிரையில் சேர்க்கப்பட்டது, அச்சில் விடுபட்டது என இவை பொருள்படலாம். விரிதாளில் இவையனைத்தையும் 0 ஆக்கினால் சராசரி தவறும் என்பது சிறு குறை. ஒரு மொழியினரை அவ்வூரில் இல்லாதவராக்கிவிடுதல் பெருங்குறை.

1955: ஒரு தூய்மைப்படுத்தல்

இத்தகைய முடிவுகள் மக்களின் ஆட்சி எல்லையைத் தீர்மானித்த காலமும் உண்டு. 1953 டிசம்பரில் பசல் அலி தலைமையில் எச். என். குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழர் மிக்க வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரியது. தேவிகுளமும் பீருமேடும் அக்கோரிக்கையுள் அடங்கும். 1955 செப்டம்பர் 30 அன்று ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவையும் செங்கோட்டையும் சென்னைக்குப் பரிந்துரைக்கப்பட்டன. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையர் என்பதை 1951 கணக்கு காட்டியபோதிலும், அப்பெரும்பான்மை தோட்டத் தொழிலுக்காக வந்தோரால் ஆனது என்னும் நோக்கும் பொருளாதாரக் காரணங்களும் மேலோங்க, மலைவட்டங்கள் இரண்டும் கேரளத்திலேயே நின்றன. 1956 நவம்பர் 1 அன்று எல்லை உறுதியாயிற்று.

ஆணையத்தின் முடிவு சரியா தவறா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. மலைநீரும் மின்னாற்றலும் குறித்த வாதங்களை எடைபோடுதற்கு வேறு அறிவு வேண்டும். அட்டவணை நோக்கில் நிகழ்ந்தது யாது என்பதே இங்குக் கருதத்தக்கது. மொழி அட்டவணை ஒருவர் என்ன பேசுகிறார் என்று சொல்லும். பிறப்பிட அட்டவணை ஒருவர் எங்கே பிறந்தார் என்று சொல்லும். இவை தனித்தனி அட்டவணைகள். தமிழ் பேசுவோருள் எத்துணைப் பேர் மலையிலேயே பிறந்தவர் என்னும் வினாவுக்கு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் விடை கிடைக்காது. ஓர் ஊரில் நூறு பேர் தமிழ் பேசி, ஐம்பது பேர் வெளியே பிறந்திருந்தால், அவ்வைம்பதின்மரும் தமிழரா, மலையாளியரா, இருவரும் கலந்தவரா என ஓரத் தொகைகள் கூறமாட்டா. இரு செய்திகளையும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒருங்கே எண்ணிய அட்டவணையே அதனைக் கூறும். அஃதின்றி, தமிழ் பேசுவோர் என்னும் நிரலை வந்து போவோர் எனப் படித்தல் ஒரு நிரலின் தலைப்பை மாற்றி எழுதுவதற்கு ஒப்பாகும்.

எதிர்த்தரப்பினர் வாதத்திற்கும் நேர்மையாக இடம் தருதல் வேண்டும். தோட்டத் தொழிலாளர் பலர் ஊருக்குச் சென்று மீள்பவராக இருந்தனர் என்பது பொய்யன்று. அவ்வாறே, 1955இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசு மலைப்பகுதிக் குடியேற்றத் திட்டத்தின்வழி மலையாள உழவர்களை அங்குக் குடியமர்த்தியதும் மெய். வந்தவர் என்னும் அளவுகோலை ஒரு நிரலுக்கு மட்டும் இட்டு மற்றதற்கு இடாமை முறையாகாது. திருத்தவிதி எதுவாயினும் எல்லா நிரைகளுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

சொந்த ஊர் எது என்னும் வினா இன்றும் தீரவில்லை. 2020 ஆகஸ்டு 6 இரவு இராஜமலைப் பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் 70 பேர் மாண்டபோது, அவர்களுட் பலர்க்குக் கயத்தாறு சொந்த ஊர் எனச் செய்திகள் வந்தன. அவர்களுள் அம்மலையிலேயே பிறந்து வளர்ந்தோரும் இருந்தனர். பிறந்த இடம், சொந்த ஊர், வாழும் இடம் என்னும் மூன்று நிரல்களை முகவரி என்னும் ஒன்றாகச் சுருக்கும்போது இழப்பது எது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

தொகுப்பும் மறைவும்

மொழிப்பெயர்களை ஒன்றுசேர்த்தல் கணக்கெடுப்புத் துறையே மேற்கொள்ளும் பணி. 1951இல் பஞ்சாபில் மொழிப்பூசல் மிகுந்தபோது இந்தி, உருது, பஞ்சாபி, பஹாடி ஆகியவற்றைப் பிரிக்காமல் ஒன்றாகவே அட்டவணையிட்டனர். 1961இல் 1,652 தாய்மொழிகள் வெளியிடப்பட்டன. 1971 முதல் 10,000 பேருக்குக் குறைந்த தாய்மொழிகள் தனி நிரை பெறாமல் பிற என்பதனுள் அடங்கின. 2011இல் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து பெற்ற தாய்மொழிகள் 1,369. அட்டவணையில் நின்ற மொழிகள் 121. இத்தொகுப்பு தேவையற்றது என்பார் இலர். எழுத்துவேறுபாடும், ஊர்ப்பெயரும், சாதிப்பெயரும் மொழிப்பெயராகச் சொல்லப்பட்டவற்றை அப்படியே அச்சிடுதல் ஆகாது.

ஆயினும் பாலக்காட்டு அட்டப்பாடியில் வாழும் இருளர் பேச்சை நோக்குக. கமில் சுவெலபில் அதனைத் தனிமொழியாக ஆராய்ந்து 1973இல் நூல் வெளியிட்டார். 2011 அட்டவணையில் இருளர் மொழி தமிழின் உட்பிரிவாக நிற்கிறது. பணியர் மொழி மலையாளத்தின் உட்பிரிவாக நிற்கிறது. தமிழ் பேசுவோர் 6 கோடியே 90 இலட்சம் என நாம் மகிழ்ந்து கூறும் தொகையில் இருளரும், எருகுலரும், கைக்காடியரும் உளர். 1955இல் நம் நிரலைப் பிறர் சுருக்கினர் எனக் குறைகூறும் நாம், நம் நிரலுள் பிறர் சேர்க்கப்பட்டதைப் பேசாதிருத்தல் ஆய்வறமாகாது. இவ்வாய்வின் விரிதாளில் தமிழ் என்னும் தலைப்புத்தொகையும் தமிழ் எனத் தாமே கூறியோர் தொகையும் இரு நிரல்களாகவே வைக்கப்பட்டுள்ளன. எக்கட்டுரைக்கு எதனை எடுப்பது என்பதை அவ்வக் கட்டுரை சொல்லிக்கொள்ளட்டும்.

இறுதியாக ஊர் நிரல். தேவிகுளம் வட்டத்தில் கண்ணன் தேவன் மலை என்பது ஒரே வருவாய்க் கிராமம். பல தோட்டங்களும் அவற்றின் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன்களும் அதனுள் அடக்கம். மக்கள் தம் ஊர் எனக் கூறுவது டிவிஷனின் பெயரை. அச்சிட்ட அட்டவணை அறிந்தது கிராமத்தின் பெயரை. சித்திரபுரமும் அவ்வாறே தனிக் கிராமமாக இல்லை, பள்ளிவாசலுள் அடங்கும். களப்பணிக்கு முதலில் தெரிவுசெய்த ஊர் அதுவே ஆதலின், விரிதாளில் அதற்கென ஒரு நிரை உண்டு. மூலபாடம் என்னும் நிரலில் தனியே எண்ணப்படவில்லை எனவும், காரணம் என்னும் நிரலில் பள்ளிவாசலுள் சேர்ந்தது எனவும் குறிக்கப்பட்டுள்ளது. எண் நிரலில் எதுவும் இடப்படவில்லை, சுழியமும் இடப்படவில்லை.